காட்டேரிக்குக் கட்டிய காப்பு

என் தம்பி எடுத்த பேய்ப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கடைசிக் காட்சியில் காட்டேரி முன்னால் நின்று ஒரு பெண் அழுகிறாளே, அது நீங்களா டீச்சர்? ஆமாம், நான்தான். நடிப்பு பிரமாதம் என்கிறார்கள். அது நடிப்பில்லை என்று சொன்னால் அதையும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மாத்தளைக்கு மேலே எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் முதலாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்காரருக்கு அதே தோட்டத்துத் தேயிலை பெக்டரியில், கொழுந்து அரைக்கும் மெஷினில் இரவு வேலை. தம்பி மாத்தளை டவுனில் கல்யாண வீடியோ எடுக்கும் கடையில் இருக்கிறான். மற்றவர்கள் தாலி கட்டுவதை எட்டு வருடமாக எடுத்து எடுத்து அவனுக்கு உலகத்தின் மேலேயே ஒரு கோபம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். போன ஆவணி லீவில் கடைக் கெமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, பேய்ப் படம் எடுக்கப்போகிறேன் என்றான்.

கதை இதுதான். ஒரு பழைய பலாமரத்தில் காட்டேரி ஒன்று குடியிருக்கிறது. டவுன் முதலாளி ஒருவர் சுற்றுலாக்காரர்களுக்கு பங்களா கட்டுவதற்காக அந்த மரத்தை வெட்டிவிடுகிறார். வீடிழந்த காட்டேரி நேராக பங்களாவுக்கே குடிவந்து பழிவாங்குகிறது. முதலில் தேத்தண்ணியில் உப்பைப் போடுகிறது, தலையணையை ஒளிக்கிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு வருகிறது. "பயமும் வரணும் அக்கா, சிரிப்பும் வரணும்" என்றான். கடைசியில் இரண்டில் ஒன்று தாராளமாக வந்தது.

முதலாளி வேஷத்துக்கு அவனுடைய சிநேகிதர் ஒரு நானா. மாத்தளை டவுன் முஸ்லிம் வியாபாரி. விடியக் காலையில் லொறியோடு தம்புள்ளைக்குப் போய் மரக்கறி ஏற்றிவந்து, கடையில் இறக்கிவிட்டு, பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெள்ளைச் சட்டையோடு மலைக்கு வந்துவிடுவார். வசனத்தை லொறியிலேயே பாடமாக்கிக்கொண்டு வருவாராம். அத்தனை பேரிலும் படத்தை ஒரு வேலையாக மதித்தவர் அவர் ஒருவர்தான்.

காட்டேரி வேஷத்துக்குத் தம்பி வேறு ஆளைத் தேடவேயில்லை. மாசி மாதத்தில் காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தில் எங்கள் தோட்டத்தில் வீரபத்திரன் வேஷம் என் வீட்டுக்காரருடையது. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா கட்டினார்.

"மச்சான், நீங்க வேஷம் கட்டி வந்தா சின்னப்புள்ளைங்க காய்ச்சல்ல படுத்துருதுங்க. எனக்கு அது போதும்" என்றான் தம்பி.

இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. "வேஷம் கட்டணும்னா காப்புக் கட்டணும்."

"மச்சான், இது படம்."

"படம்னா என்னடா? மூஞ்சியில கரி பூசப்போறது நான்தானே? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன் கெமராவா வந்து பாக்கும்?"

காமன் கூத்தில் சாமி வேஷமோ எமன் வேஷமோ, கட்டுகிறவர் முதலில் கோயிலில் மஞ்சள் நூல் காப்புக் கட்டிக்கொள்வார். அந்த நூல் கையில் இருக்கும்வரை மீனில்லை, இறைச்சியில்லை, முகச்சவரம் இல்லை, தனிப்பாய். தோட்டத்து எல்லையைத் தாண்டவே கூடாது. கூத்து முடிந்து பூசாரி காப்பு அறுத்த பிறகுதான் அந்த ஆள் மறுபடி வீட்டு மனிதன். தம்பி என் முகத்தைப் பார்த்தான். சமையலில் கிடந்த நான், "கட்டிக்கட்டுமேடா, ஒரு வாரந்தானே" என்று சொல்லித் தொலைத்தேன். வீட்டில் நடக்கும் பாதிக் கூத்து நான் அவசரத்தில் சொன்ன வார்த்தையால்தான் நடக்கிறது.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூசாரி நூலை எடுத்துக்கொண்டு கேட்டார். "காமனுக்குன்னா காமன் எரிஞ்சு எந்திரிக்கிற வரைக்கும். இதுக்கு எதுவரைக்கும்?"

இவர் யோசித்தார். பிறகு அம்மனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "காட்டேரி சாந்தியாகி மலையேறிப் போற வரைக்கும்."

தம்பியும் பக்தியோடு தலையாட்டினான். கதையின் முடிவு என்ன என்று இவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பூசாரி மூன்று முடிச்சுப் போட்டுவிட்டார்.

படப்பிடிப்பு பட்டப்பகலில் நடந்தது. தம்பியிடம் லைட் இல்லை. பகலில் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் நீலமாக்கினால் இரவாகிவிடுமாம். ஆகவே உச்சிவெயிலில் நானா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் தடவுவதுபோல் தடவிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் நடப்பார். வெயில் கண்ணில் அடிக்க, கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொள்வார். "நானா, ராத்திரியில கண்ணு கூசாது" என்று தம்பி கத்துவான். "அல்லாவே, தம்பி, சூரியனுக்கு முதல்ல நீ அதச் சொல்லு" என்பார் அவர்.

காட்டேரிக்குக் கிழிந்த சாக்கு, தும்புக்கயிற்றுச் சடை, அடுப்புக்கரியும் தேங்காயெண்ணெயும் குழைத்த பூச்சு. பல்லை நான்தான் யோகட் கப்பில் வெட்டிக்கொடுத்தேன். சவரம் செய்யக் கூடாது என்பதால் காட்டேரிக்கு நாளுக்கு நாள் தாடி வளர்ந்தது. படத்தில் ஒரே இரவில் நடக்கும் துரத்தலில், காட்டேரி வீட்டுக்குள் நுழையும்போது வழுவழுவென்றும் ஜன்னலால் குதிக்கும்போது ஒரு வாரத் தாடியோடும் இருப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். கவனிக்காவிட்டால் நல்லது.

எல்லோரும் பாராட்டும் அந்தத் துள்ளலும் இயக்குநரின் கற்பனை இல்லை. புல்லுக்குள் பதுங்கியிருந்த காட்டேரியின் சாக்குக்குள் அட்டை ஏறிவிட்டது. ரத்தம் குடிக்கும் பேய், தன் ரத்தத்தை அட்டை குடிக்கிறதே என்று அலறிக்கொண்டு நான்கடி உயரம் குதித்து, அம்மா என்றும் ஆத்தா என்றும் கத்திக்கொண்டு ஓடியது. நானா நிஜமாகவே பயந்து மறுபக்கம் ஓடினார். தம்பி கெமராவை நிறுத்தவேயில்லை. நான் சிரித்து முடித்துவிட்டுத்தான் உப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

எல்லைச் சங்கதிதான் பெரிய தலைவலி. எங்கள் தோட்டத்து எல்லை ஒரு சின்னப் பாலம். வெற்றிலைக் கடை அந்தப் பக்கம். இவருக்கு வெற்றிலை இல்லாமல் ஒரு மணித்தியாலம் ஓடாது. ஒருநாள் வேஷத்தோடு பாலத்தின் இந்தப் பக்கம் நின்று, கடைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரச் சோடி ஒன்று த்ரீவீலரில் வந்து இறங்கி, காட்டேரியை நடுவில் வைத்துப் படமெடுத்துக்கொண்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அருவி நன்றாகத் தெரியும், அங்கே வந்து நில்லுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தார்களாம். வரமுடியாது, காப்புக் கட்டியிருக்கிறேன் என்று இவர் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கியிருக்கிறார். உலகத்திலேயே எல்லை தாண்டாத ஒரே பேய் என்று அன்றைக்கு எங்கள் வரிசை வீட்டு லயம் முழுக்கச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஒரு வாரம் என்று சொன்னது மழையாலும் பனியாலும் பன்னிரண்டு நாளானபோதுதான் என் சிரிப்பு நின்றது. அன்றைக்கு மகள் போன் எடுத்தாள்.

எங்களுக்கு ஒரே மகள். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை. நானே ஆசிரியப் பயிற்சியோடு நின்றவள். இவர் எட்டாம் வகுப்போடு பெக்டரிக்கு வந்தவர். மகளின் பட்டமளிப்புக்கு இவர் மூன்று மாதம் முன்பே வெள்ளைச் சட்டை வாங்கி, மடிப்புக் கலையாமல் அலுமாரியில் வைத்து, வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ரெண்டு பேருக்கும் பாஸ் எடுத்துட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலைல. அப்பாவுக்கு லீவு சொல்லிட்டாங்களா?"

இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "அப்பா வந்துருவேன்மா. முன்வரிசையில நிப்பேன், பாரு." காட்டேரிப் பல்லைக் கழற்ற மறந்துவிட்டதால் பாதி வார்த்தை புரிந்திருக்காது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்கலைக்கழகம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நேராகத் தம்பியிடம் போய்க் கேட்டேன். எப்போதடா காட்டேரி மலையேறும்?

"ஏறாது அக்கா" என்றான்.

"என்னடா சொல்ற?"

"கடைசியில சிரிச்சிட்டே பனிக்குள்ள மறைஞ்சிரும். அது போயிருச்சுன்னா ரெண்டாம் பாகம் எப்படி எடுக்கிறது?"

இவனைச் சின்ன வயதில் நான்தான் இடுப்பில் தூக்கித் திரிந்தேன். அப்போதே ஒரு தடவையாவது கீழே போட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது ஒரே பேச்சு. "அம்மன்கிட்டச் சொல்லியாச்சே. மலையேறாம எப்படி அறுக்கிறது?"

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேஷத்தோடேயே முன்காம்பராவில் மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டார். இரண்டு கையும் இரண்டு பக்கம். சுவரில் மகளின் பள்ளிக்கூடப் படம். கீழே கரிபூசிய கையில் அந்த மஞ்சள் நூல். என் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கடதாசிப் பூ வெட்டும் கத்தரிக்கோல். ஒரு நூலுக்காகவா என் பிள்ளை இவர் இல்லாமல் மேடை ஏற வேண்டும் என்று ஓர் ஆத்திரம் வந்தது. வெட்டிவிட்டேன்.

வெட்டியதும் கூரையில் பல்லி சத்தமிட்டது. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று சொல்லிக்கொடுக்கிறவள் நான். அன்றைக்கு அந்தப் பல்லியை நம்பிவிட்டேன். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நூலை எடுத்துப் பழைய இடத்திலேயே சுற்றி, விரலுக்கு வந்த முடிச்சைப் போட்டு, மேலே மஞ்சள் தடவிவிட்டேன். அவர் புரண்டு படுத்தார், அவ்வளவுதான். எழுந்து கையைக் கழுவினார், தேத்தண்ணி குடித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு நாள் என் மனம் பட்ட பாட்டைச் சமையலில்தான் காட்டினேன். புதுச் சட்டி வாங்கி அவருக்கென்று தனியாகச் சமைத்தேன். ஒருநாள் பொலோஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, ஒருநாள் பலாக்கொட்டைப் பிரட்டல், ஒருநாள் வல்லாரைச் சம்பலும் பருப்பும், இனிப்புக்குப் பாசிப்பயற்றுப் பாயாசம். அவர் இரண்டாம் தடவையும் சோறு கேட்டார். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சாப்பாட்டிலும் வாயைத் திறந்தேன். சொன்னால், காப்பை அறுத்துக்கொண்டு வேஷம் கட்டினேனா என்று அந்த மனுஷன் பயத்திலேயே படுத்துவிடுவார். சொல்லாவிட்டால், நான் கட்டிய ஒரு பொய் நூலுக்குப் பயந்து மகளின் பட்டமளிப்புக்கு வராமல் பாலத்தோடு நின்றுவிடுவார். இரண்டுக்கும் நடுவில் சமைத்துக்கொண்டேயிருந்தேன்.

புதன்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. தம்பியின் கெமரா பற்றரியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"அக்கா, குடு."

"காட்டேரி மலையேறினா குடுக்கிறேன்."

"கதையே செத்துரும் அக்கா!"

"சாகட்டும். என் மக மேடையில ஏறும்போது அவ அப்பா கீழ இருக்கணும். உன் ரெண்டாம் பாகத்துக்கு வேற பேய் பிறக்கும்."

அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு உட்கார்ந்து எழுதினான். மறுநாள் வியாழன் மத்தியானம், வெட்டிய பலாமரத்தின் அடியில் முதலாளி காட்டேரிக்குப் படையல் வைத்து மன்னிப்புக் கேட்பார். காட்டேரி தின்று சாந்தியாகி மலையேறும். பூசாரியும் வருவார். வெள்ளி காலை முதல் பஸ்ஸில் நாங்கள் போய்விடலாம்.

காட்டேரிப் படையலுக்குக் கருவாடும் கோழியும் வேண்டும். தின்ன வேண்டிய காட்டேரியோ காப்புக் கட்டிய சைவம். நான் பொலோஸை இறைச்சிபோல் கறுப்பாக வறுத்து வைத்தேன். தன் மரத்துப் பலாவையே காட்டேரி தின்னப்போகிறது என்று எனக்குத்தான் தோன்றியது.

எல்லாம் தயார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்கு நானாவின் போன் வந்தது. "தம்பி, நாவுல டவுன்ல டயர் வெடிச்சிட்டு. லொறி நெறயத் தக்காளி. உட்டுட்டு வர ஏலாது. நான் என்ன செய்ய?"

பனி முழுதாக மூடினால் கெமராவில் ஒன்றும் தெரியாது. தம்பி சுற்றிமுற்றிப் பார்த்தான். பூசாரி, நான்கு லயத்துப் பிள்ளைகள், நான்.

"அக்கா, நீ முதலாளி பொஞ்சாதி. வீட்டுக்காரருக்குப் பதிலா நீ வந்து மன்னிப்புக் கேக்கிற."

"இந்தப் படத்துல முதலாளிக்குப் பொஞ்சாதியே இல்லையேடா?"

"இப்ப இருக்கா. போய் நில்லு."

அப்படித்தான் நான் படத்தில் வந்தேன். காட்டேரி மரத்தடியில் குந்தியிருந்தது. இருபது நாள் தாடி, தும்புச் சடை, யோகட் பல். நான் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றே ஒன்று. தாயே காட்டேரி, என் புருஷன் தெரியாமல் மரத்தை வெட்டிவிட்டார், மன்னித்துப் போய்விடு. ஒரு வரி. முதலாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும்.

நான் படையலை வைத்துவிட்டு நிமிர்ந்து அந்தக் கண்ணைப் பார்த்தேன். கரிக்கு நடுவில் இருபத்தாறு வருடமாக நான் பார்க்கும் கண். காலையிலேயே வெள்ளைச் சட்டையை எடுத்துக் கட்டில்மேல் விரித்து வைத்துவிட்டு வந்திருந்தார். வசனம் மறந்துவிட்டது.

"நாந்தான் அறுத்தேன்" என்றேன்.

"அக்கா, மரம், மரம்" என்று கெமராவுக்குப் பின்னாலிருந்து தம்பி கிசுகிசுத்தான்.

"மரமில்லடா. காப்பு. அன்னைக்கு நீங்க தூங்கையில நாந்தான் கத்தரிக்கோலால காப்ப அறுத்தேன். பயத்துல திரும்பக் கட்டிட்டேன். உங்க கையில இருக்கிறது பூசாரி கட்டினது இல்ல, நான் கட்டினது. என்ன மன்னிச்சிருங்க." அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"தெரியும்" என்றது காட்டேரி.

"தெரியுமா?"

கையைத் தூக்கிக் காட்டியது. "அன்னைக்குக் கை கழுவும்போதே பாத்தேன். காப்புக்குப் பூ முடிச்சுப் போடுற ஆளு இந்தத் தோட்டத்துல ஒருத்திதான் இருக்கா."

நான் குனிந்து பார்த்தேன். பிள்ளைகளின் சப்பாத்து நாடாவை வருடக்கணக்கில் கட்டிய விரல்கள். அந்த மஞ்சள் நூலில் இரண்டு காது வைத்து, அழகாக, முதலாம் வகுப்புச் சப்பாத்து முடிச்சைப் போட்டு வைத்திருந்தேன். எட்டு நாளாக அதைத் தினமும் பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல? அறுந்ததுதானே, எல்லை தாண்ட வேண்டியதுதானே? நாளைக்குப் பிள்ள பட்டம் வாங்குறா, நான் இங்க நெருப்புல நிக்கிறேன்..."

"நூல நீ அறுத்த. நான் அம்மன்கிட்டச் சொன்ன சொல்ல நீ எப்படி அறுப்ப?" சொல்லிவிட்டுக் காட்டேரி கொஞ்சம் நெளிந்தது. "அதோட, சாப்பாடும் நல்லா இருந்துச்சு." அந்த நேரத்தில்தான் பல் கழன்று படையலில் விழுந்தது.

எனக்கு அழுகையும் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. அவர் பல்லை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, பொலோஸை வாரி வாரித் தின்று, எழுந்து நின்று, "போறேன்" என்று ஒரு குரல் கொடுத்தார். பெக்டரிவரைக்கும் கேட்டிருக்கும். அப்படியே பனிக்குள் ஏறிப் போனார். சிரிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. தம்பி சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்தான். எழுதிய வசனத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாத அந்தக் காட்சியைத்தான் அவன் அப்படியே படத்தில் வைத்தான். ஏன் ஒரு காட்டேரி கையில் காப்பு, ஏன் அதை ஒரு முதலாளி மனைவி அறுத்தாள் என்று பார்த்தவர் யாரும் கேட்கவில்லை. ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பனிக்குள்ளிருந்து இறங்கி வந்தவருக்குப் பூசாரி மஞ்சள் தண்ணி தெளித்தார். காப்பு அறுக்கச் சின்னக் கத்தி கொண்டுவந்திருந்தார். அது தேவைப்படவில்லை. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். அவிழ்ந்து கையோடு வந்துவிட்டது.

வெள்ளி காலை முதல் பஸ்ஸில் போனோம். பாலத்தைத் தாண்டும்போது இவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். மூன்று தடவை சோப்புப் போட்டும் காதுக்குப் பின்னால் கரி போகவில்லை. மகள் கறுப்பு அங்கியோடு ஓடிவந்தாள். இவர் அவளைப் பார்த்தார். கரகரவென்று கண்ணீர் விட்டார்.

"ப்பா, காதுக்குப் பின்னால என்ன கறுப்பு?" என்று கேட்டுவிட்டு, அவள் கழுத்தடியில் தொங்கிய அங்கி நாடாவை என்னிடம் நீட்டினாள். "ம்மா, இத கொஞ்சம் கட்டி விடுங்க."

"நீ தள்ளு" என்றார் இவர். "உன் முடிச்சு நிக்காது." அவரே கட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

மகள் மேடையேறியபோது முன்வரிசையில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னால் சுவரோரம் இருந்தோம். இவர் எழுந்து நின்றேதான் பார்த்தார். உட்காரச் சொன்னவர்களிடம் தலையை மட்டும் ஆட்டினார்.

விழா முடிந்து வாடகை அங்கியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் நீளமான வரிசை. எங்கள் முறை வந்தது. நாடா அவிழவில்லை. மகள் முயன்றாள், அங்கி வாங்கும் பெண் முயன்றாள், பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அந்தப் பெண் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.